பாபின் அடுப்பும் ஒரு தீக்குச்சியும்

1994 டிசம்பர் 14, புதன்கிழமை. கோவை சிங்காநல்லூரில் மில் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அன்றும் வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்தேன். குடத்தைத் தூக்கி வரும் வழியில் ஓரிடத்தில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தூக்கினேன். அதுவும் வழக்கம்தான். ஆறரைக்கு வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்தேன். டைரியில் முந்தின நாளே 'எக்ஸ்ரே, காலை பத்து மணி' என்று எழுதி வைத்திருந்தேன். எக்ஸ்ரே முக்கியமாக என் கணவருக்கு.

அவருக்கு அந்த வாரம் முழு நைட். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுக் காலை எட்டு மணிக்குமேல் வருவார். அவர் சைக்கிளை நிறுத்தும்போது அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் தவறவிடாத ஒழுங்கு அது.

காரணம், அவர் வேலை செய்தது மில்லின் ப்ளோ ரூமில். பஞ்சுப் பொதிகளைப் பிரித்து, அடித்து, தூசி பிரிக்கிற இடம். ஷிப்ட் முடிந்து வரும்போது தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் வெளுத்திருக்கும். ப்ளோ ரூம்காரர்கள் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும், குளித்த பிறகே வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்பது எங்கள் லைனில் எழுதாத சட்டம். அதுவும் சுடுதண்ணீரில் குளிக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் பஞ்சு போகாது, சூடு பட்டால்தான் நெஞ்சுக்குள் ஒட்டிய பஞ்சும் இளகும் என்று எல்லாரும் நம்பினோம். குளித்து வந்ததும் ஓர் உருண்டை வெல்லமும் இரண்டு வாழைப்பழமும் கொடுப்போம். தொண்டையில் இருக்கிற பஞ்சு வயிற்றுக்குள் இறங்கிவிடுமாம்.

ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். பகல் ஷிப்ட் என்றால் சாயங்காலம் வெந்நீர், அரை நைட் என்றால் நடுராத்திரி வெந்நீர், முழு நைட் என்றால் காலையில். எங்கள் லைனில் எட்டு வீடு. எட்டு வீட்டு ஆண்களும் மில்லுக்குப் போகிறவர்கள். ஆகவே எந்த நேரமும் யாராவது ஒருவர் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தில் புகை மேலே போகாமல் ஓட்டுக்கு அடியிலேயே படிந்து நிற்கும். துவைத்துக் காயப்போட்ட வெள்ளை வேட்டியை மடிக்கும்போது புகை வாசம் வரும்.

இனி பாபினைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாபின் என்றால் மில்லில் நூல் சுற்றுகிற மரக்கட்டை. அந்த வருடங்களில் மில்கள் ஒவ்வொன்றாக மரத்தை விட்டுவிட்டு பிளாஸ்டிக் பாபினுக்கு மாறிக்கொண்டிருந்தன. கழித்த மர பாபின்கள் மூட்டை மூட்டையாகப் பழைய சாமான் கடைகளுக்கு வந்தன. விறகைவிட மலிவு, உடைக்கிற வேலையும் இல்லை. வருடக்கணக்கில் எண்ணெய் குடித்த கட்டை, மேலே வார்னிஷ், நுனியில் நூல் ரகத்தை அடையாளம் காணச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பெயின்ட். ஒரு காகிதத்தைக் கொளுத்தி உள்ளே வைத்தால் போதும், கற்பூரம் மாதிரிப் பற்றிக்கொள்ளும். பெயின்ட் எரியும்போது ஜுவாலையின் நிறம் மாறுவதைப் பார்க்கவும் அழகாக இருக்கும்.

எனக்கு எதிலும் ஒரு வரிசை வேண்டும். பெரிய பாபின்களை வெந்நீருக்கும் சின்ன பாபின்களைச் சோற்றுக்கும் என்று பிரித்து அடுப்படியில் அடுக்கி வைப்பேன். பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்து, "ஏங்கண்ணு, இதென்ன ரேஷன் கடையா, ஊடா?" என்று கேலி செய்வார். எங்களிடம் காஸ் அடுப்பும் இருந்தது. அதற்குப் பூப்போட்ட உறை தைத்து மூடி, பால் காய்ச்சவும் விருந்தாளி வந்தால் காபி போடவும் மட்டும் வைத்திருந்தேன். சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாத காலம். சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் பாபினில்தான்.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு கணவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. முழு நைட் முடித்து வந்து படுத்தால் தூங்க முடியாது, இருமிக்கொண்டே இருப்பார். ப்ளோ ரூம்காரருக்கு இருமல் என்றால் எங்கள் ஊரில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். பஞ்சு நெஞ்சில் கட்டிவிட்டது, அவ்வளவுதான். வந்து போகிறவர்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் தணிந்த குரலில், இதே டிபார்ட்மென்டில் இருந்து படுத்தவர்களின் கதையைச் சொன்னார்கள். நான் முட்டை வாங்கினேன், கூடுதலாகப் பால் வாங்கினேன், வெந்நீரை ஒரு அண்டாவிலிருந்து ஒன்றரை அண்டாவாக ஆக்கினேன். அவர் எப்போதெல்லாம் இருமினார் என்று டைரியில் குறித்து வைத்தேன்.

நானும் இருமிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அடுப்படியில் பெண்கள் இருமுவதை யார் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்? விடியற்காலையில் எட்டு வீட்டிலும் அடுப்பு பற்றவைக்கிற நேரத்தில் வரிசையாக இருமல் கேட்கும். அதையும் அக்கா ஒரு வேடிக்கையாகவே சொல்வார். "கோயமுத்தூருல கோழிக்கு வேலையே இல்ல கண்ணு. நாம இருமுனாத்தான் பொழுது விடியுது." நாங்கள் எல்லாரும் சிரிப்போம். சிரித்தால் மறுபடி இருமல் வரும்.

எங்கள் கவலைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சத்தியமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குத் தலைப்பிரசவம். தை மாதம் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் வேளாவேளைக்கு வெந்நீர் வேண்டுமே என்று நான் மூன்று மூட்டை பாபின் வாங்கி, நனையாமல் படுக்கை அறைச் சுவரை ஒட்டி அடுக்கி வைத்திருந்தேன். அந்த அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு தட்டிதான். வரப்போகிற குழந்தைக்குக் குளிர் தெரியாது, அடுப்புச் சூடு அறைக்கும் வரும் என்று சந்தோஷப்பட்டேன். அந்த நேரத்தில் கணவர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதே என் பயம்.

மில்லுக்கு வருகிற டாக்டர், நெஞ்சு வியாதிக்கென்று தனியாகப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் போகச் சொன்னார். அந்த நெஞ்சு டாக்டர் எங்கள் இருவரையும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரச் சொல்லி எழுதிக் கொடுத்தார். காசநோயாக இருந்தால் கூட இருக்கிறவர்களுக்கும் ஒட்டியிருக்கும், ஆகையால் இருவருக்கும் சேர்த்து ஒட்டுக்காகப் பார்த்துவிடலாம் என்றார்.

அன்று காலை கணவர் வந்து, குளித்து, வெல்லம் தின்று, தூங்காமல் என்னுடன் கிளம்பினார். எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் என்னை ஒரு திரைக்குப் பின்னால் போகச் சொல்லி, தாலிச் சங்கிலியைக் கழற்றிவிட்டு ஒரு வெள்ளை அங்கியை மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த அங்கியில் இடது தோள்பக்கம் நாடா அறுந்து தொங்கியது. எனக்கு அப்படி விட்டுவிட மனம் வராது. தாலிச் சங்கிலியில் எப்போதும் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளில் ஒன்றை எடுத்து, தோளில் குத்திச் சரிசெய்துகொண்டு போய் நின்றேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன், இருமல் வந்தது. இரண்டாம் தடவை சரியாக வந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு படங்களையும் ஒரே பெரிய உறையில் போட்டுக் கொடுத்தார்கள். உறையின் மேல் கணவர் பெயர் மட்டும் எழுதியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அங்கிருந்தே நெஞ்சு டாக்டரிடம் போனோம்.

டாக்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நம் பக்கத்துக்காரர்தான், பேச்சிலேயே தெரிந்தது. உறையிலிருந்து இரண்டு படங்களையும் உருவி, சுவரில் இருந்த விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். ஒன்றைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். இன்னொன்றின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"ப்ளோ ரூம்ல எத்தன வருசமுங்க?"

இருபத்திரண்டு வருடம் என்று இவர் சொன்னார். டாக்டர் எதிர்பார்த்த பதில்தான் போலிருக்கிறது. காசநோய் இல்லை என்று முதலில் சொன்னார். நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார். நுரையீரல் ஊதிப் போயிருக்கிறது, உள்ளே போகிற காற்று முழுதாக வெளியே வராமல் அடைந்து கிடக்கிறது, இது இன்று நேற்று வந்ததில்லை, கெட்டுப்போன அளவுக்குக் கெட்டதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் மில்லை விட்டுவிட வேண்டும் என்று நிதானமாக விளக்கினார்.

கணவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு எதுவும் தெரியாத மனிதர். மில்லை விட்டால் என்ன செய்வார், மகள் பிரசவத்துக்கு எப்படி ஈடுகொடுப்போம் என்று என் மனம் எங்கெங்கோ ஓடியது. டாக்டர் முகத்தைப் பார்க்க முடியாமல் படத்தைப் பார்த்தேன். வரி வரியாக விலா எலும்பு, நடுவில் ஒடுங்கலாக இதயம், மேலே கழுத்தெலும்பு. அந்த எலும்புக்குச் சற்று மேலே, சின்னதாக, வெள்ளை வெளேரென்று ஓர் ஊக்கு.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் சொல்லக் கூச்சமாக இருந்தது. டாக்டர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க டாக்டரு, அந்த ஊக்கு என்ரதுங்க" என்றேன்.

டாக்டர் பேனாவை நிறுத்தினார். நான் அங்கி நாடா அறுந்திருந்ததைச் சொன்னேன். சங்கிலியில் மிச்சமிருந்த ஊக்குகளைத் தொட்டுக் காட்டினேன். அவர் எழுந்து போய், படத்தின் மூலையில் சின்னதாக இருந்த எண்ணை உறைக்குள் இருந்த துண்டுச் சீட்டோடு ஒத்துப் பார்த்தார். பிறகு இரண்டு படங்களையும் இடம் மாற்றி மாட்டினார். மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. என்னவோ மாற்றினார்.

"தப்பு என்ரதுங்க. ப்ளோ ரூம்னு சொன்னதும் நம்பரப் பாக்காமயே பேசிப்போட்டேன்" என்றார்.

அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு வந்தது பயம் இல்லை. அவருக்கு ஒன்றும் இல்லை என்ற நிம்மதிதான் வந்தது. அதை நடந்தபடியே எழுதுகிறேன். என்னைப் பற்றிய எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது.

டாக்டர் இப்போது என்னைப் பார்த்து உட்கார்ந்தார். பீடி, சுருட்டு ஏதாவது பழக்கம் உண்டா என்று கேட்டார். கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆம்பிளையே பீடி தொட்டதில்லை என்றார். டாக்டர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, என்ன அடுப்பு, என்ன எரிக்கிறீர்கள், எவ்வளவு நேரம், அடுப்படியில் ஜன்னல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெந்நீர் கணக்கைச் சொன்னேன். பாபின் என்றதும், "பெயின்டு அடிச்சதுங்களா?" என்றார். எல்லா நிறமும் உண்டு என்றேன். எந்த நிறம் எப்படி எரியும் என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து, கரண்ட் போனால் மெழுகுவர்த்தி ஏற்ற வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியைக் கிழித்து, கணவரின் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். உதட்டைக் குவிக்கக் கூடாது, வாயை 'ஆ' என்று திறந்து வைத்தபடியே ஊத வேண்டும் என்றார். இவர் ஊதினார். குச்சி அணைந்தது. அணைந்த பிறகு இருமினார், அது வேறு.

அடுத்த குச்சி எனக்கு. வாயைத் திறந்து ஊதினேன். ஜுவாலை லேசாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. இன்னும் பலமாக ஊதினேன். நெஞ்சுக்குள் ஏதோ 'கீச்' என்றது. குச்சி அதுபாட்டுக்கு எரிந்து, டாக்டரின் விரல் அருகே வந்தது. அவர் உதறி அணைத்துவிட்டு இன்னொன்று கிழித்தார். அதுவும் அணையவில்லை.

எத்தனை வருடமாக அடுப்பு ஊதுகிறவள் நான். ஊதாங்குழல் பிடித்துப் பிடித்துக் கைவிரலில் காய்ப்பு உண்டு. ஒரு தீக்குச்சியை அணைக்க எனக்குக் காற்று இல்லை. இது எப்படி எனக்கே தெரியாமல் போயிற்று என்று யோசித்தேன். பாபின் வந்த பிறகு அடுப்பை ஊதுகிற வேலையே இல்லை. அது தானாகப் பற்றிக்கொள்ளும். ஊதாங்குழலை எரவாணத்தில் செருகி வெகுகாலம் ஆகியிருந்தது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பீடி குடிக்கிறவன் நெஞ்சு எப்படி இருக்குமோ அப்படி இருக்குதுங்க அம்மணி உங்களுது. நீங்க குடிச்சது அடுப்புப் புகை. அதுலயும் வார்னிசும் பெயின்டுமா குடிச்சிருக்கறீங்க" என்றார். போனது முழுதாகத் திரும்பாது, ஆனால் இன்றோடு நிறுத்தினால் இருப்பது நிற்கும் என்றார். கணவரின் இருமலுக்குக் காரணம் பஞ்சுத் தூசிதான், அதையும் லேசாக நினைக்க வேண்டாம் என்று சொல்லி, மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னார். டிபார்ட்மென்ட் மாற்றக் கேட்டு மில்லுக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். எனக்கு மூச்சோடு உறிஞ்சுகிற மருந்து எழுதினார். எழுந்திருக்கும்போது, மகள் பிரசவத்துக்கு வரப்போவதையும் அறை அடுப்படியை ஒட்டி இருப்பதையும் நானாகத்தான் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் குழந்தைக்குப் புகைதான் எமன். குளிரு இல்லீங்க" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றோம். பொழுது சாய்ந்து தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அடுப்பு பற்றவைக்கிற நேரம். எதிரே தெரிந்த ஓட்டு வீடுகளுக்கு மேல் புகை ஒரு மட்டத்தில் கிடந்தது. தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றுதான் அது எங்கே போகும் என்று யோசித்தேன். எங்கும் போகாது. நாங்கள்தான் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

கணவர் எக்ஸ்ரே உறையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "எனக்குத்தான் சீக்குன்னு ஊரே சொல்லுச்சு. நீயுந்தான் சொன்ன. முட்ட பூராவும் எனக்கே போட்ட" என்றார்.

"நீங்க இருமுனா ஊருக்கே கேக்குதுங்க. நான் இருமுனா அடுப்புக்குத்தான் கேக்கும்" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்துச் சொன்னேன். சிரிக்கவில்லை. பஸ் வந்ததும் எனக்கு முன்னால் ஏறி, உட்கார இடம் பிடித்து வைத்திருந்தார். அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் மூட்டைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா முன்பே ஒரு மூட்டை கேட்டிருந்தார். கொடுத்துவிடலாம், வீணாகாது என்று கணவர் சொன்னார். நானும் சரி என்றுதான் வாயெடுத்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருமியது கேட்டது. வருடக்கணக்காகக் கேட்கிற இருமல். அவர் வீட்டுக்காரர் நூல் நூற்கிற ரிங் டிபார்ட்மென்டில் வேலை பார்க்கிறவர், அவருடைய இருமலைப் பற்றித்தான் லைன் முழுக்கப் பேசுவோம். அக்காவின் இருமலை வைத்துக் கோழி வேடிக்கை மட்டும்தான் செய்திருக்கிறோம். மூட்டையைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். அப்படிக் கொடுத்தால் அக்கா நெஞ்சுக்குள் போனது போக மிச்சம் அந்தச் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்கே வரும் என்பதும் ஒரு காரணம். அதையும் மறைக்கவில்லை.

அன்று இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நாளைக்கு எனக்குப் பச்சத்தண்ணி போதும்" என்றார். பஞ்சு போகாதே என்றேன். "போனாப் போகுது, இல்லாட்டி இருந்துட்டுப் போகுது" என்றார்.

பஞ்சு போயிற்று. மறுநாள் எட்டு மணிக்கு வந்து பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டு, நடுங்கிக்கொண்டே குளித்தார். ஒரு இழைகூட மிச்சமில்லை. இத்தனை வருடம் எரித்த விறகும் பாபினும் எதற்காக என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு தண்ணீர் சூடாக்க வாளியில் வைக்கிற கரண்ட் கம்பி ஒன்று வாங்கினோம். காஸ் அடுப்பின் பூப்போட்ட உறை தலையணை உறையாயிற்று. தை மாதம் மகள் வந்தபோது முன்னறையைக் காலி செய்து அவளை அங்கே படுக்க வைத்தோம். பேத்தி பிறந்தாள். மூன்று மூட்டை பாபினை வாங்கின கடைக்காரரே திருப்பி எடுத்துக்கொண்டார். ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளைக்குப் போகும் என்றார். அங்கே யார் மூக்கில் ஏறியதோ, எனக்குத் தெரியாது.

இதெல்லாம் பிற்பாடு நடந்தவை. டிசம்பர் 15, வியாழக்கிழமை காலையில் நான் முதலில் செய்த வேலையைச் சொல்லி முடிக்கிறேன்.

ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் தெளிக்கவில்லை, அடுப்பின் பக்கம் போகவில்லை. தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு பொதுக்குழாயடிக்குப் போனேன். அக்கா குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தார். பின்னால் கடைசி வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். நான் ஒரு குச்சியைக் கிழித்து அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வாயைத் திறந்து ஊதச் சொன்னேன். அவள் ஒன்றும் புரியாமல் ஊதினாள். குச்சி உடனே அணைந்தது.

"காலங்காத்தால இதென்ன வெளையாட்டு கண்ணு? உன்ர டாக்டரு மந்திரவாதியா?" என்று அக்கா சிரித்தார். சிரித்து இருமினார். இருமல் அடங்கட்டும் என்று காத்திருந்து, அடுத்த குச்சியை அவருக்குப் பிடித்தேன்.

அக்கா ஊதினார். குச்சி எரிந்தது. இன்னொரு முறை, குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஊதினார். என் விரல் சுடுகிற வரை அது எரிந்தது.

"எனக்கும் அணையலீங்க்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அக்கா அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். அவர் வீட்டு ஓட்டு இடுக்கிலிருந்து அப்போதுதான் கிளம்பியிருந்த புகை கொஞ்ச நேரத்தில் நின்றது.

ஐந்து வருடம் ஆகப்போகிறது. இன்றும் காஸ் அடுப்பைப் பற்றவைத்த குச்சியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, வாயைத் திறந்து ஊதிப் பார்க்கிறேன். சில நாள் அணைகிறது, சில நாள் அணைவதில்லை. ஆனால் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று யாராவது கேட்டால், பதில் சொல்லுமுன் என்னையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ள அந்தக் குச்சிதான் எனக்குப் பழக்கிவிட்டது.